கல்லும் நகரும்... கவனித்தால் தெரியும்!



கேள்வி கேட்டதும் பதில் சொல்லாமல் நிற்பவனைப் பார்த்து, "என்னடா, கல்லு மாதிரி நிற்கிறே?" என்று ஆசிரியர் கேட்பார். கல் என்றால் அசையாது, மலை என்றால் நகராது. நாம் எல்லாரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால், 2025ம் ஆண்டு மே மாதம், ஒரு மலை நகர்கிறது என்பதைச் சிலர் அளந்து பார்த்துச் சொன்னார்கள். ஊர் மக்களும் அதை நம்பி, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதனால், சுமார் 300 பேர் உயிர் தப்பினார்கள்.

அவர்களுடைய ஊர்? அது மண்ணுக்குள் போய்விட்டது!

கல் எப்படி நகரும்? பனிக்கும் பாறைக்கும் என்ன சண்டை? நம் இமயமலையிலும் இப்படி நடக்குமா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஊரே புதைந்தது!

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைகள் சூழ்ந்த நாடு சுவிட்சர்லாந்து. அதன் தெற்கே, வாலே என்ற மாநிலத்தில், லோட்சென்டால் என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே இருந்த சின்னஞ்சிறு கிராமம்தான் பிளாட்டன். மர வீடுகள், ஒரு தேவாலயம், மேய்ச்சல் நிலம், பக்கத்தில் சலசலத்து ஓடும் லோன்சா ஆறு... படத்தில் பார்ப்பது போன்ற ஊர். மொத்தமே 300 பேர்தான் வசித்தார்கள்.

ஊருக்கு மேலே நின்றது கிளைனஸ் நெஸ்ட்ஹார்ன் என்ற மலை. உயரம் 3,300 மீட்டருக்கும் அதிகம். மலைக்கும் ஊருக்கும் நடுவே, சரிவில் படுத்துக் கிடந்தது பிர்ச் என்ற பனியாறு.

பனியாறு என்றால் என்ன தெரியுமா? பல ஆண்டுகளாகப் பெய்த பனி, ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிக் கெட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல மெல்ல இறங்கும். பெயர்தான் ஆறு. நத்தை கூட அதை முந்திவிடும்!

2025 மே மாத நடுவில், மலை உச்சிப் பக்கமிருந்து பாறைகள் உதிரத் தொடங்கின. அந்தப் பனியாற்றை 1990களிலிருந்தே நிபுணர்கள் கண்காணித்து வந்தார்கள். அதனால், இது வழக்கமாக உதிர்வதுபோல இல்லை என்று அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. மலையின் ஒரு பெரிய பகுதியே இடம் பெயர்ந்துகொண்டிருந்தது.

மே 17ம் தேதி, ஊரில் ஒரு பகுதியினரை வெளியேற்றினார்கள். மே 19ம் தேதி, "எல்லாரும் கிளம்புங்கள்" என்று உத்தரவு வந்தது. மக்கள் தங்கள் ஆடு, மாடுகளையும் விட்டுவிடவில்லை. அடிபட்டிருந்த ஒரு பசுவை, ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அடுத்த ஒன்பது நாட்களும் மலை உதிர்ந்துகொண்டே இருந்தது. சுமார் 30 லட்சம் கன மீட்டர் பாறை, பனியாற்றின் முதுகில் வந்து குவிந்தது. ஒரு டிப்பர் லாரியில் 10 கன மீட்டர் ஜல்லி ஏற்றலாம் என்று வைத்துக்கொண்டால், 3 லட்சம் லாரி லோடு! அவ்வளவு பாரம் ஏறினால் பனியாறு என்ன செய்யும், பாவம்? நத்தையாக இருந்தது, ஒரு நாளைக்கு 10 மீட்டர் வரை நகரத் தொடங்கியது.

மே 28ம் தேதி, பிற்பகல் 3:30 மணிக்குச் சற்று முன்பு, பனியாறு மொத்தமாக உடைந்து கீழே பாய்ந்தது. பனியும் பாறையும் சேறும் சேர்ந்த அந்த வெள்ளம், பிளாட்டன் கிராமத்தின் 90 சதவீதத்தை மூடிவிட்டது. லோன்சா ஆறு அடைபட்டு ஏரியானது. தப்பி நின்ற ஒருசில வீடுகளையும் அந்தத் தண்ணீர் மூழ்கடித்தது.

64 வயது மனிதர் ஒருவர் மட்டும் உயிரிழந்தார். மற்ற அனைவரும் பிழைத்தார்கள். "எங்கள் ஊர்தான் போனது, எங்கள் மனம் போகவில்லை" என்ற பொருள்பட அந்த ஊர்த் தலைவர் பேசியதை, உலகமே கேட்டு நெகிழ்ந்தது.

சரி, இத்தனை காலமும் நின்ற மலை ஏன் உதிர்ந்தது? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் உங்கள் வீட்டு பிரிஜ்ஜைத் திறக்க வேண்டும்!

தண்ணீரின் விசித்திர குணம்

மார்கழி மாதக் குளிரில், பாட்டிலில் இருக்கும் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் இல்லையா? அடுத்த முறை அதை உற்றுப் பாருங்கள். மேலே நடுவில் குழி விழுந்திருக்கும். உறையும்போது எண்ணெய் சுருங்குகிறது. உலகத்தில் பெரும்பாலான பொருட்கள் இப்படித்தான். திரவமாக இருக்கும்போது அதிக இடம், திடமானால் குறைந்த இடம்.

தண்ணீரோ நேர் எதிர்! பிளாஸ்டிக் பாட்டிலில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி பிரீசரில் வைத்தால், பாட்டில் உப்பிப் போகும். 100 மில்லி தண்ணீர் உறைந்தால், கிட்டத்தட்ட 109 மில்லி ஐஸ் கட்டி ஆகும்.

ஏன் இப்படி? காலையில் பள்ளிக்குப் போகும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பதால், சின்ன பஸ்ஸில் 80 பேர் ஏறிவிடுகிறார்கள். அதே 80 பேரை மைதானத்தில் இறக்கிவிட்டு, "கைகோத்து வட்டம் வட்டமாகக் கும்மி அடியுங்கள்" என்றால்? மைதானமே வேண்டும். தண்ணீர் மூலக்கூறுகள், திரவமாக இருக்கும்போது பஸ் பயணிகள் மாதிரி. உறைந்தால், ஆறு ஆறாகக் கைகோத்து நிற்கும் கும்மிக் கூட்டம். நடுவில் வெற்றிடம் விழும். ஐஸ் கட்டி தண்ணீரில் மிதப்பதும் இதனால்தான்.

இப்போது மலைக்குப் போவோம். பாறையில் நூல் போன்ற விரிசல்கள் ஏராளம். பகலில் பனி உருகி, தண்ணீர் விரிசலுக்குள் இறங்கும். இரவில் அது உறையும். உறைந்தால் விரியும். விரிய இடமில்லை என்றால், சுவரைத் தள்ளும். முழுக்க மூடிய இடத்தில் உறையும் தண்ணீர், கணக்குப்படி நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 2,000 மடங்கு அழுத்தம் வரை கொடுக்க முடியும். கருங்கல் கூட இதைத் தாங்காது.

உங்கள் பாடப் புத்தகத்திலும் பாறைச் சிதைவு பற்றிய பாடத்தில் இப்படித்தான் இருக்கும். இது உண்மைதான். ஆனால், பாதி உண்மை!

மீதிப் பாதி என்ன?

யோசித்துப் பாருங்கள். பாறையில் உள்ள விரிசல்கள், மூடி போட்ட பாட்டில்களா? இல்லையே! ஒரு பக்கம் திறந்திருக்கும். ஐஸ் விரியும்போது, தண்ணீர் அந்தப் பக்கமாக ஒதுங்கித் தப்பித்துவிடும். அப்புறம் எப்படி 2,000 மடங்கு அழுத்தம் வரும்?

அமெரிக்காவில், தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீபன் டேபர் என்ற நிலவியல் அறிஞர், 1929, 1930ம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் ஒரு குறும்பான சோதனை இருக்கிறது. மண்ணில் தண்ணீருக்குப் பதிலாக பென்சீன் என்ற திரவத்தை ஊற்றி உறைய வைத்தார். பென்சீன், நம் தேங்காய் எண்ணெய் மாதிரி. உறைந்தால் சுருங்கும். எனவே, மண் அமுங்க வேண்டும் அல்லவா? ஆனால், மண் உப்பி மேலே எழுந்தது!

அப்படியென்றால், உப்புவதற்குக் காரணம் திரவம் விரிவது மட்டும் இல்லை. பிறகு?

அகல் விளக்கின் திரியைப் பாருங்கள். எண்ணெயை யாரும் மேலே ஊற்றுவதில்லை. திரியே உறிஞ்சிக்கொள்கிறது. உறையும் ஐஸ் கட்டியும் இப்படித்தான், பக்கத்தில் உறையாமல் இருக்கும் தண்ணீரைத் தன்னை நோக்கி இழுக்கிறது. பாறையின் மிக நுண்ணிய இடுக்குகளில், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனாலும் மெல்லிய படலம் போல் கொஞ்சம் தண்ணீர் உறையாமல் இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் சிறிது சிறிதாக வந்து சேர, ஐஸ் கட்டி வளர்ந்துகொண்டே போகும். பூதக்கண்ணாடி வில்லை போல, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து இருப்பதால், இதைப் பனி வில்லை என்று சொல்லலாம். வில்லை பெருக்கப் பெருக்க, பாறை பிளந்துகொண்டே போகும்.

இதற்கு ஓர் இரவுக் குளிர் போதாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும் குளிர் வேண்டும். பக்கத்தில் ஈரமும் வேண்டும். ஜோசப் வால்டர், பெர்னார்ட் ஹாலட் என்ற இரு விஞ்ஞானிகள் 1985ல் கணக்குப் போட்டு, மைனஸ் 4 முதல் மைனஸ் 15 டிகிரி வரையிலான குளிர்தான் இந்த வேலைக்கு ரொம்ப வசதி என்று சொன்னார்கள்.

கணக்கு சரி, பாறையில் கண்ணால் பார்க்க வேண்டாமா? இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியன் மர்ட்டன் குழுவினர், ஈரமான சுண்ணாம்புப் பாறைக் கட்டிகளைச் சோதனைக்கூடத்தில் வைத்து, திரும்பத் திரும்ப உறைய வைத்தார்கள், உருக விட்டார்கள். பாறைக்குள்ளே பனி வில்லைகள் வளர்ந்து, விரிசல்கள் உண்டானதை 2006ல் வெளியிட்டார்கள். 75 ஆண்டுகளுக்கு முன் டேபர் மண்ணில் பார்த்தது, பாறையிலும் உறுதியானது.

மலை மூச்சு விடுகிறது!

மழைக் காலத்தில் மரக்கதவு உப்பிக்கொண்டு சாத்தவே வராது. கோடையில் சுருங்கி, கலகலவென்று ஆடும். மரத்துக்கு ஈரத்தால் வருவது, பாறைக்குச் சூட்டாலும் குளிராலும் வருகிறது. 10 மீட்டர் நீளமுள்ள கருங்கல், 20 டிகிரி குளிர்ந்தால், சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். உங்கள் ஸ்கேலில் ஒன்றரை கோடு!

சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் மேட்டர்ஹார்ன் என்ற புகழ்பெற்ற சிகரம் இருக்கிறது. உயரம் 4,478 மீட்டர். 2003ம் ஆண்டு ஐரோப்பாவே வெப்பத்தில் தகித்த கோடையில், அதன் ஒரு முகட்டிலிருந்து பெரிய பாறைத் தொகுதி பெயர்ந்து விழுந்தது. அது இருந்த இடத்தை எட்டிப் பார்த்தால்... பளபளவென்று ஐஸ்! பாறையின் விரிசலுக்குள் காலம் காலமாக ஒளிந்திருந்த ஐஸ் அது.

அதன்பின், 2008 முதல் அங்கே 3,500 மீட்டர் உயரத்தில் சுவிஸ் விஞ்ஞானிகள் கருவிகளைப் பொருத்தி, விரிசல்களின் அகலத்தை விடாமல் அளந்து வருகிறார்கள். டாக்டர் நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி!

என்ன தெரிந்தது? குளிர்காலத்தில் இரு பக்கப் பாறையும் சுருங்குவதால், விரிசல் அகலமாகிறது. கோடையில் பாறை விரிவதால், விரிசல் குறுகுகிறது. மலை மூச்சு விடுவதுபோல, ஆண்டுதோறும் இது நடக்கிறது. இதில் ஆபத்து இல்லை.

ஆபத்து எப்போது? விரிசல் பழைய அளவுக்குத் திரும்பி வராதபோது! அகன்ற விரிசலுக்குள் ஒரு சின்னக் கல் விழுந்துவிட்டால் போதும், ஆப்பு வைத்தது போலாகி, விரிசல் மூடாது. அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம், அதற்கடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம். கோடையில் ஐஸ் உருகி, தண்ணீர் உள்ளே இறங்கினால், பாறை வழுக்கவும் தொடங்கும். மில்லிமீட்டர் மில்லிமீட்டராக, போனது போனதுதான்.

இந்த இரண்டையும் பிரித்து அறிவதுதான் விஞ்ஞானிகளின் வேலை. மலை மூச்சு விடுகிறதா, இல்லை இடத்தை விட்டுக் கிளம்புகிறதா?

பசை இளகினால்...

ஐஸ் பாறையைப் பிளக்கிறது என்று பார்த்தோம். வேடிக்கை என்ன தெரியுமா? பிளந்த பாறையைப் பிடித்து வைத்திருப்பதும் அதே ஐஸ்தான்!

உயர்ந்த மலைகளில் உறைநிலம் உண்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ஜியம் டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் மண்ணும் பாறையும்தான் உறைநிலம். அங்கே விரிசல்களில் உள்ள ஐஸ், செங்கல்லுக்கு நடுவே பூசிய சிமென்ட் போல, பாறைகளை ஒட்டிப் பிடித்திருக்கும். ஆனால், சிமென்ட் வெயிலில் இளகாது. ஐஸ் இளகும். அது முழுதாக உருகத் தேவையே இல்லை. மைனஸ் 5லிருந்து மைனஸ் 1க்கு வந்தாலே, அதன் பிடி தளர்ந்துவிடும். பிரீசரிலிருந்து எடுத்த குச்சி ஐஸ், சொட்டத் தொடங்கும் முன்பே மெத்தென்று ஆவதைப் பார்த்திருப்பீர்களே!

சுவிட்சர்லாந்தில் கோர்வாட்ச் மலையில் ஆழத் துளை போட்டு, 1987 முதல் உறைநிலத்தின் வெப்பநிலையை அளக்கிறார்கள். அங்கும் ஆல்ப்ஸில் மற்ற இடங்களிலும், உறைநிலம் சூடாகி வருகிறது.

இன்னொரு கணக்கு. வானத்தில் மேலே போகப் போகக் குளிரும். எந்த உயரத்தில் காற்று பூஜ்ஜியம் டிகிரி ஆகிறது என்று பலூன் விட்டு அளப்பார்கள். 2023 ஆகஸ்ட் 20ம் தேதி இரவு, சுவிட்சர்லாந்தில் அந்த உயரம் 5,298 மீட்டர்! அந்த நாட்டின் பதிவுகளிலேயே அதுதான் அதிகம். ஆல்ப்ஸின் மிக உயரமான மோன் பிளாங் சிகரமே சுமார் 4,800 மீட்டர்தான். அதாவது, அன்று ஆல்ப்ஸ் மலையின் எந்த உச்சியிலும் காற்று உறைநிலைக்குக் கீழே இல்லை.

அதே 2023ல், ஜூன் 11ம் தேதி, ஆஸ்திரியா நாட்டின் புளுக்ட்ஹார்ன் மலையின் ஒரு சிகரமே இடிந்து விழுந்தது. அங்கும் உறைநிலம் இளகியதை நிபுணர்கள் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். நல்லவேளை, அப்போது அங்கே யாரும் இல்லை.

வெயில் மட்டும்தான் குற்றவாளியா?

இங்கே கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும், குட்டீஸ். "பூமி சூடாகிறது, மலை விழுகிறது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடலாம். விஞ்ஞானிகள் அப்படி எழுதவில்லை.

மலைகள், மனிதன் பிறப்பதற்கு முன்பிருந்தே இடிந்து விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. பாறையின் வகை, பழைய பிளவுகள், சரிவின் செங்குத்து, மழை, நிலநடுக்கம் என்று பல காரணங்கள் உண்டு. கிளைனஸ் நெஸ்ட்ஹார்ன் மலையும் முன்பே பலவீனமானதுதான். உறைநிலம் இளகியது அதன் சரிவுக்கு உதவியிருக்கலாம் என்பதே நிபுணர்களின் கருத்து.

பிர்ச் பனியாற்றின் கதையும் விசித்திரமானது. சுற்றிலும் உள்ள பனியாறுகள் எல்லாம் சூட்டில் சுருங்கிப் பின்வாங்க, இது மட்டும் சில ஆண்டுகளாக முன்னேறிக்கொண்டிருந்தது. ஏன்? மேலே விழுந்த பாறைக் குவியல், வெயில் படாமல் போர்வை போல மூடியது. அதோடு, எடையால் தள்ளவும் செய்தது. மேலோட்டமாகப் பார்த்தவருக்கு, "பரவாயில்லையே, இந்தப் பனியாறு நன்றாக இருக்கிறதே" என்று தோன்றியிருக்கும். உண்மையில் அது நோயின் அறிகுறி!

ஆகவே, ஒரு மலை விழுந்ததற்கு வெயில் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், பல மலைகளின் பசை ஒரே காலத்தில் இளகுகிறது என்றால், விழும் வாய்ப்பு கூடுகிறது. காய்ச்சல் உள்ள ஒருவன் தடுக்கி விழுந்தால், கல் தடுக்கியதா, காய்ச்சலா என்று சொல்வது கஷ்டம். வகுப்பு முழுவதற்கும் காய்ச்சல் என்றால், விழுபவர்கள் அதிகமாவார்கள் என்று சொல்லலாம் அல்லவா?

நம் இமயமலையில்...

2021 பிப்ரவரி 7ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. உத்தரகண்ட் மாநிலம், சமோலி மாவட்டம். ரோண்டி என்ற சிகரத்தின் பக்கவாட்டிலிருந்து, சுமார் 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பாறையும் ஐஸும் ஒரே துண்டாகப் பெயர்ந்து, 1,800 மீட்டர் கீழே விழுந்தன. பிளாட்டனில் பனியாற்றின் மேல் குவிந்த பாறையைப் போல ஒன்பது மடங்கு!

"பனியாறு உடைந்தது" என்றுதான் அன்று முதலில் செய்தி வந்தது. பிறகு உலகம் முழுவதும் உள்ள விஞ்ஞானிகள் சேர்ந்து ஆராய்ந்தபோது, விழுந்ததில் 80 சதவீதம் பாறை, 20 சதவீதம்தான் ஐஸ் என்று தெரிந்தது. விழுந்த வேகத்தில் உண்டான உராய்வுச் சூட்டில், ஐஸ் உருகித் தண்ணீரானது. பாறை பொடியானது. இரண்டும் கலந்த சேற்று வெள்ளம், ரிஷிகங்கா, தவுலிகங்கா ஆறுகளில் பாய்ந்தது. மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த சிப்கோ இயக்கத்தால் புகழ்பெற்ற ரேனி கிராமமும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

இரண்டு நீர்மின் திட்டங்கள் சிதைந்தன. தபோவன் திட்டத்தின் ஒரு சுரங்கத்திலிருந்து 12 பேரை அன்றே மீட்டார்கள். ஆனால், மொத்தம் 204 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலோர், அங்கே வேலை செய்ய வந்த தொழிலாளர்கள்.

இதில் மனதைக் குத்தும் விஷயம் ஒன்று உண்டு. முந்தைய ஆண்டுகளில் எடுத்த செயற்கைக்கோள் படங்களை, விபத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பாறைக்கு மேலே விரிசல் திறந்துகொண்டிருந்தது, படத்தில் தெரிந்தது! மலை, தன் சேதியைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அன்று அதைக் கவனிக்க ஆள் இல்லை.

பிளாட்டனில் ஊர் போனது, ஆட்கள் பிழைத்தார்கள். சமோலியில் ஆட்கள் போனார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மலையின் பலத்தில் இல்லை. கவனிப்பில்தான் இருக்கிறது.

எல்லா மலையையும் பார்க்க முடியுமா?

"அப்படியென்றால் இமயமலை முழுவதும் கருவி வைத்துவிடலாமே" என்று நீங்கள் கேட்பீர்கள். இமயமலையின் நீளம் சுமார் 2,400 கிலோமீட்டர். ஆள் நடமாட்டமே இல்லாத சிகரங்கள் எத்தனையோ! ஒவ்வொன்றிலும் கருவி பொருத்தவும், பராமரிக்கவும் முடியாது.

இங்கேதான் வானத்துக் கண்கள் உதவுகின்றன. 2025 ஜூலை 30ம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி., எப்16 ராக்கெட்டில் கிளம்பிய "நிசார்" செயற்கைக்கோளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நம் இஸ்ரோவும், அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து செய்தது. அது ரேடார் அலைகளை அனுப்பி, 12 நாட்களுக்கு ஒருமுறை பூமியில் அதே இடத்தைப் பார்க்கும். மேகமோ இருட்டோ அதற்குத் தடையில்லை. தரை சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

ஆனால், 12 நாட்களுக்கு ஒருமுறை பார்ப்பது, கடைசி நேர எச்சரிக்கைக்குப் போதாது. "இந்த மலைமேல் சந்தேகம்" என்று செயற்கைக்கோள் சொன்னால், அங்கே தரையில் ரேடார், கேமரா, விரிசல் அளக்கும் கருவி வைத்து இரவும் பகலும் கவனிக்க வேண்டும். குறிப்பாக, கீழே ஊரும் அணையும் சாலையும் இருக்கும் இடங்களில்.

கருவி இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2017 ஆகஸ்ட் 23ம் தேதி, சுவிட்சர்லாந்தின் பிட்ஸ் செங்கலோ மலையிலிருந்து 30 லட்சம் கன மீட்டர் பாறை விழுந்தது. நிபுணர்களுக்கு அது அறிமுகமான மலைதான். ஆனாலும், அந்த வழியே நடந்து சென்ற எட்டுப் பேரைக் காப்பாற்ற முடியவில்லை. மலை எப்போது விழும் என்று நாள் குறித்துச் சொல்வது, இன்றும் மிகக் கடினம்.

அதனால், சொல்பவர்கள் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் கேட்கவும் வேண்டும். பிளாட்டன் மக்களை நினைத்துப் பாருங்கள். தாத்தா கட்டிய வீடு, விளையாடிய தெரு, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்றபோது, "இத்தனை வருஷமாக நின்ற மலை, இன்றைக்கா விழப் போகிறது?" என்று அடம் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. இப்போது, தங்கள் ஊரைத் திரும்பக் கட்டத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரைக் கட்ட, ஆட்கள் இருக்கிறார்களே!

அடுத்த முறை யாராவது "கல்லு மாதிரி நிற்கிறே" என்று சொன்னால், சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: "கல்லும் நகரும் சார்... கவனித்துப் பார்த்தால் தெரியும்!"

செய்து பாருங்கள்!

தேவை: ஒரே அளவுள்ள இரண்டு சிறிய பிளாஸ்டிக் டப்பாக்கள், தண்ணீர், தேங்காய் எண்ணெய், களிமண், ஸ்கெட்ச் பேனா.

1. ஒரு டப்பாவில் தண்ணீர், இன்னொன்றில் தேங்காய் எண்ணெய். இரண்டும் முக்கால் பாகம் இருக்கட்டும். மட்டம் எங்கே இருக்கிறது என்று ஸ்கெட்ச் பேனாவால் வெளியே கோடு போடுங்கள். மூடாமல், ஓர் இரவு பிரீசரில் வையுங்கள். காலையில் எது கோட்டுக்கு மேலே ஏறியிருக்கிறது, எதில் குழி விழுந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. களிமண்ணில் எலுமிச்சை அளவு இரண்டு உருண்டைகள் செய்து, நிழலில் ஒரு நாள் காய விடுங்கள். ஒன்றை மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி பிரீசரில் வையுங்கள். மறுநாள் எடுத்து உருக விடுங்கள். மீண்டும் ஈரமாக்கி மீண்டும் வையுங்கள். நான்கைந்து முறை செய்தபின், இரண்டு உருண்டைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எச்சரிக்கை: கண்ணாடி பாட்டிலை பிரீசரில் வைக்கவே கூடாது. வெடித்துச் சிதறும். அப்புறம், அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிரீசருக்குள் களிமண்ணைப் பார்த்தால், மலைக்கு முன் வேறொன்று வெடிக்கும்!